அவுட்லைன் போட்டுவிட்டு எழுதுவதா, எழுதிக்கொண்டே போவதா?

நான் இரண்டிலும் சூடு பட்டவன். முதல் நாவலை எந்தத் திட்டமும் இல்லாமல்தான் ஆரம்பித்தேன். பவர்லூம் வைத்திருக்கும் ஒரு குடும்பம், மூன்று தலைமுறை. 140 பக்கம் மளமளவென்று ஓடியது. படித்துப் பார்த்த என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெரியக்காவுக்கு 78-லதான் கல்யாணம். அவ பையன் 81-ல எஸ்.எஸ்.எல்.சி. எழுதுறானே?" அவன் ஃபெயிலாவதில்தான் பிற்பாதிக் கதையே இருக்கிறது. எதை நகர்த்துவது? அந்தக் கட்டு இன்னும் பரணில் கிடக்கிறது.

அடுத்ததற்கு உஷாரானேன். 32 அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு. எழுத உட்கார்ந்தால் யாரோ சொன்ன கதையை நகலெடுப்பதுபோல இருந்தது. ஒன்பதாவதில் நின்றுபோனது. (டீக்கடையில் முழுக் கதையையும் நாலு தடவை சொல்லித் தீர்த்திருந்தேன், அதுவும் ஒரு காரணம்.)

இப்போது தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். ஒரு ஆளுக்கு ஒரு தாள்: பிறந்த வருஷம், கல்யாணம், யாருக்கு எவ்வளவு கடன். அதற்கு மேல் எழுத இடமில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. போன வாரம் தறியை விற்கும் காட்சி. சின்னவன் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்றுதான் உட்கார்ந்தேன். அவன் தாளில் 'அக்காவுக்கு 1,200 ரூபாய்' என்றிருந்தது. அவள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் போடுவான்? மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டான்.

*

காலண்டர் தாள்காரருக்கு: நான் துப்பறியும் கதை ஆள், எனக்கு அது போதாது. ஒருமுறை கொலைகாரன் யாரென்று முடிவு செய்யாமலே தொடங்கி, கடைசியில் பிடித்த ஆள், கொலை நடந்த நேரத்தில் மதுரை பஸ்ஸில் இருந்திருக்கிறான். ஏற்றிவிட்டது நானேதான், இரண்டாம் அத்தியாயத்தில்.

நாவல்களை மாதத் தொடராக எழுதிய ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் குறிப்புத் தாள்களைப் பார்த்த பிறகுதான் வழி தெரிந்தது. தாளின் இடப்பக்கம் தனக்குத்தானே கேள்விகள், வலப்பக்கம் அத்தியாயக் குறிப்பு. சில கேள்விகளுக்குப் பக்கத்திலேயே 'வேண்டாம்', 'இப்போது இல்லை' என்று பதிலும் இருக்கும். அச்சாகிவிட்ட இதழைத் திருத்த முடியாதே, பாவம்.

கொலைகாரன் பெயரை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இடப்பக்கக் கேள்விகள். மூன்று வாரமாக அங்கே ஒன்று நிற்கிறது: மாடி அறைச் சாவி யாரிடம்? வலப்பக்கம் காலி.