சாளைக்காட்டுக் குடும்பம்

பெரியப்பா: ராத்திரி பட்டியில நாய் பூந்துருச்சு. செம்மறி ஏழு போச்சு. அதுல ரெண்டு சினை.

சுமதி: அய்யோ பெரியப்பா 😢

செல்வம் மாமா: காங்கயம், வெள்ளகோயில் பக்கமெல்லாம் இதே பாடுதானுங்க மச்சான்

பிரவீண்: பெரியப்பா, பொதைச்சுப்போடாதீங்க. கால்நடை டாக்டரும் வி.ஏ.ஓ.வும் வந்து பாக்கட்டும்.

பெரியப்பா: சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறேன். நாப்பது நாளாச்சாம்.

செல்வம் மாமா: வாய்க்குள்ள கருப்பா இருக்குதான்னு பாருங்க. அதுதான் அசல்

கவின்: குட்டி வந்தா மொசலுக்குப் போலாம் தாத்தா 🔥

சுமதி: டேய் கவின், 1972 சட்டம் இருக்குது. மொசல் புடிச்சா கேசு.

பிரவீண்: பெரியப்பா, பொறுமையாப் படிங்க. சிப்பிப்பாறை கண்ணுல பாத்துத் தொரத்தற நாய். ஓடறது எதுவானாலும் பின்னாலயே ஓடும். குட்டியிலிருந்தே ஆட்டோட வளரலீன்னா நம்ம ஆட்டையே தொரத்தும். அஞ்சாறு நாய் கூட்டமா வந்தா ஒத்தை நாய் என்ன பண்ணும்? வாய் கருப்பு, நகக் கணக்கு இதெல்லாம் அசலுக்கு அத்தாட்சி இல்லீங்க. பச்சைக்கறி போட்டா ரோசம் வராது, குடல்புழுதான் வரும். கடைசி ரெண்டு மூணு விலா தெரியறது அதுக்கு வாகு, அதைப் பாத்துட்டுச் சோத்தைத் திணிக்கக் கூடாது. முதுகெலும்பு துருத்துனாத்தான் பட்டினி. கொழுப்பு கம்மிங்கறதால சில மயக்க மருந்து தெளிய நேரமாகும், ஆப்பரேசன்னா என்ன நாயின்னு மொதல்லயே சொல்லோணும். நாப்பது நாள்ல பிரிக்காதீங்க, எட்டு வாரமாவது தாய்கிட்ட இருக்கட்டும். மூணாம் மாசம் வெறிநாய்த் தடுப்பூசி.

செல்வம் மாமா: ராஜபாளையம் வாங்கலாமே. 2005ல தபால்தலையே போட்டாங்க

அத்தை: வேண்டாஞ்சாமி. அப்பாரு இருக்கையில ஒரு வெள்ளை இருந்துச்சே. கூப்புட்டாத் திரும்பாது. திமிரு.

பிரவீண்: திமிரு இல்லீங்க அத்தை, காது கேட்டிருக்காது. வெள்ளை ராஜபாளையத்துல சில குட்டிக பொறவிச் செவுடு. நெறத்தைக் கொறைக்கற அதே பரம்பரைக் கூறு உள்காதையும் கெடுத்துப்போடும். தூங்கறப்ப பின்னால போய் சாவிக்கொத்தை ஆட்டிப் பாக்கோணும். தட்டத்தைப் போட்டா தரை அதிர்றதுல முழிச்சுக்கும், நாம ஏமாந்துருவோம்.

அத்தை: எத்தனை அடி வாங்குச்சு அது

பெரியப்பா: அடிச்சது நாந்தான்.

பெரியப்பா: சாட்டைவாருல.

அத்தை: உடுங்கண்ணா. அப்ப ஆருக்குத் தெரியும்.

சித்தப்பா: பட்டிக்குக் கம்பிவலை போட்டாத்தான் அடங்கும். நாய் அப்புறம்.

செல்வம் மாமா: பாதிப் பணம் நீங்க போடறீங்களா மாப்ள

சித்தப்பா: வேலி எம்பங்குல வரலீங்களே

சுமதி: இப்ப பங்குப் பேச்சு வேண்டாமுங்க

அத்தை: கவின் காதுகுத்துக்குக் கெடாய் அந்த ஆட்டுலதானே நெனைச்சோம்?

பெரியப்பா: கெடாய் தப்பிச்சுருச்சு. காதுல மட்டும் கடி.

பிரவீண்: காயத்தைச் சோப்புப் போட்டுத் தண்ணிய ஊத்திக்கிட்டே கால்மணி நேரம் கழுவுங்க. கையுறை போட்டுக்கங்க. டாக்டர் வந்ததும் அதுக்கும் ஊசி கேளுங்க.

பெரியப்பா: செரி.

பெரியப்பா: ஞாயித்துக்கெழமை குட்டிய சும்மா பாத்துட்டு மட்டும் வரலாம். அவன்கிட்ட வெள்ளையும் ஒண்ணு கெடக்குதாம், ஆரும் வாங்கலையாம். பிரவீணு, நாமக்கல்லுல இருந்து வர்றயா?

பிரவீண்: சனிக்கெழமை ராத்திரியே வந்தர்றனுங்க

சித்தப்பா: கம்பிவலை அடி என்ன வெலைன்னு கேட்டுச் சொல்றனுங்ணா