இருட்டுக்காலத்தை எப்படிக் கடத்துகிறீர்கள்?

ட்ரொம்சோ, முதியோர் இல்ல வேலை

நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் இங்கே, வட நோர்வேயில், ஜனவரி நடுப்பகுதி வரை தலைகாட்டாது. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்த எங்களுக்கு முதல் வருடம் இதெல்லாம் புதினம். பிறகுதான் ஆளைப் பிடிக்கும். நித்திரை முறியாது, வாய் இனிப்பைத் தேடும், போன் அடித்தால் எடுக்க மனம் வராது.

"ஊருக்கு எடுத்துக் கதை, சரியாகிவிடும்" என்று எங்கள் ஆட்கள் புத்தி சொல்வார்கள். கதைக்கலாம், ஆனால் எந்த நேரம் என்று பார்க்க வேணும். குளிர்காலத்தில் இலங்கை 4½ மணித்தியாலம் முன்னுக்கு. வேலை முடிந்து இரவு 8 மணிக்கு எடுத்தால் அங்கே 12.30. அம்மா அரைத் தூக்கத்தில் "சாப்பிட்டியோ பிள்ளை" என்று கேட்பா, எனக்குத் தொண்டை அடைக்கும். இப்போது காலை 6 மணிக்கு எடுக்கிறேன். அங்கே 10.30. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே சந்தை விலை, பக்கத்து வீட்டு வேலிச் சண்டை எல்லாம் சொல்லுவா. அந்த நேரம் மேசையில் இருட்டுக்காலச் சோர்வுக்கென்று வைக்கிற 10,000 லக்ஸ் (வெளிச்ச அளவு) பிரகாச விளக்கு எரியும், அரை மணித்தியாலம். அதைக் காலையில்தான் பாவிக்க வேணும். இரவில் போட்டால் நித்திரை குழம்பும். கண் வருத்தமோ பைபோலார் வருத்தமோ (மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்குகிற வருத்தம்) உள்ளவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.

அப்புறம் மீனெண்ணெய். செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை நோர்வேக்காரர் நாளுக்கு ஒரு கரண்டி குடிப்பார்கள், நானும் குடிக்கிறேன். விட்டமின் டி கிடைக்கும். மனச்சோர்வுக்கு அதுதான் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஃபின்மார்க் (நோர்வேயின் வட கோடி), பென்ஷன்காரர்

தங்கச்சி, நான் 1980-களில் மீன் ஃபெக்டரிக்கு வந்தவன். அந்தக் காலத்தில் இருட்டு எங்களைப் பெரிதாகத் தட்டவில்லை. உள்ளே ரியூப் லைற், பெல்ட்டில் மீன் வந்துகொண்டே இருக்கும், ஒரே அறையில் நாலு பேர், இரவில் சீட்டு விளையாட்டு. பென்ஷன் எடுத்த பிறகுதான் அடி விழுந்தது. பிள்ளைகள் ஒஸ்லோவில், மனுசி போய்விட்டா. காலையில் எழும்பி என்ன செய்கிறது? பனியில் வழுக்கி இடுப்பு முறிந்துவிடும் என்ற பயம் வேறு.

பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் ஒருநாள் சப்பாத்துக்கடியில் மாட்டுகிற முள்ளுப் பட்டை ஒரு சோடி கொண்டுவந்தார். கறுப்பு ரப்பர், அடியில் சின்னச் சின்ன இரும்பு முள்ளு. குனிந்து தானே மாட்டியும் விட்டு, "நாளைக்கு 11 மணிக்கு" என்றார். நான் கதைக்கிறதில் பாதிதான் அவருக்கு விளங்கும், அவர் கதைக்கிறதில் எனக்கும் அப்படித்தான். ஆனால் நான் இறங்காவிட்டால் வந்து மணி அடிப்பார். உங்கள் விளக்கு நல்லதுதான், ஆனால் வந்து மணி அடிக்காதே.

ட்ரொம்சோ, இரண்டு பிள்ளைகளின் தாய்

எல்லாரும் இருட்டையே எழுதுகிறீர்கள். எனக்கு மே மாதம்தான் எதிரி. மே 20 வாக்கில் தொடங்கி இரண்டு மாதம் சூரியன் மறையாது. இரவு 11 மணிக்கும் பிள்ளைகள் வெளியே சைக்கிள் ஓடுவார்கள், எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வரும். யன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை போட்டேன். இரவுச் சாப்பாட்டை வெளிச்சத்தைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்துப் போடுகிறேன். அரைவாசி நாளாவது சரிவருகிறது.

ட்ரொம்சோ, முதியோர் இல்ல வேலை

அண்ணை சொன்னது சரி. ஆனால் நடையாலும் விளக்காலும் தீராத கட்டமும் உண்டு. கிழமைக்கணக்கில் ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் குடும்ப டொக்டரிடம் போங்கள். இரவு பகல் எந்த நேரமும் நோர்வேயின் மனநல உதவித் தொலைபேசி 116 123-க்கு எடுத்துக் கதைக்கலாம். மொழி வராவிட்டால் டொக்டரிடம் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், காசு இல்லை. தெரிந்த ஆளைத் துணைக்குக் கூட்டிப்போனால் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லுவீர்கள், மிச்சம் ஊர் முழுக்கப் பரவிவிடும்.