மறு: தூண்டில் முள்ளின் துளைக்குச் சொல் – ‘காது’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

தூண்டில் முள்ளில் நரம்பு (மீன்பிடி நூல்) கட்டும் துளைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் வீட்டிலேயே ஈயம் உருக்கி ஜிக் (முள்ளோடு ஈயத்தலை சேர்ந்த தூண்டில்) வார்ப்பவர்கள். வார்ப்பது எளிது. அதற்கு வண்ணப் பூச்சுப் போடும்போது, நரம்பு கட்டும் துளை அடைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் இங்கே ஷாட் (shad) என்னும் கடல்மீனைப் பிடிக்கத் தடை. டிசம்பர் 1 அன்று பருவம் திறப்பதற்குள் எங்கள் வாரக்கடைசித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைத்தாள் தமிழில் எழுதித் தரவேண்டும். அதனால் எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும்.

> ‘கொக்கிக்கண்’ என்றே வைத்துவிடலாம். வலைக்கண், சல்லடைக்கண் என்று துளையைக் கண் என்னும் வழக்கு நம்மிடமே இருக்கிறதே?

இருக்கிறது. இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். மீன் பிடிப்பவர் வாயில் கண் என்றால் அது வலையின் கண். இந்த ஊர்த் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் குடியிருந்து கரைவலை இழுத்த நம் குடும்பங்களும் கண்ணை வைத்துத்தான் வலையைப் பேசியிருப்பார்கள். அதே கூட்டத்தில் தூண்டிலுக்கும் கண் என்றால் குழப்பம்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜிக்கின் ஈயத்தலைக்கு நாம் உண்மையாகவே கண் வைக்கிறோம். சின்ன மீன் போலத் தெரியவேண்டும் என்று இரண்டு பக்கமும் வெள்ளை வட்டம் போட்டு நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம், அல்லது ஒட்டுக்கண் ஒட்டுகிறோம். ‘கண்ணில் பூச்சுப் படக்கூடாது’ என்று நான் எழுதினால் பிள்ளை எந்தக் கண்ணை எடுத்துக்கொள்ளும்?

ஊசிக்கு இருப்பது காது. பட்டினத்தார் பாடியதும் காதற்ற ஊசியைத்தான். நூல் கோக்கும் துளைக்குக் காது என்றால், நரம்பு கோக்கும் துளைக்கும் அதுவே சரி. தூண்டில் முள்ளின் காது, சுருக்கமாக முட்காது. புதிதாக உருவாக்க ஒன்றுமில்லை, இருப்பதை எடுத்து வைத்துக்கொள்வதுதான்.

> ‘முள்துளை’ எளிமையாக இருக்கிறதே. படித்தவுடன் புரியும்.

துளை என்றால் துளைத்துச் செய்தது என்று தோன்றும். இது அப்படியில்லை. கம்பியின் நுனியை வளைத்து வட்டமாக்கியது. கம்பி சரியாக மூடாத இடத்தில் ஒரு சின்ன இடைவெளிகூடத் தெரியும். எனக்கு இது காதின் வளைவாகவே தெரிகிறது.

அடுத்தது அடைப்பைப் பற்றி. ஒரு நண்பர் ‘காதடைப்பு’ என்று எழுதியிருந்தார். அது பசியில் வருவது, ஜலதோஷத்தில் வருவது. அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடலாம். என் பாட்டி வேறொரு சொல் சொல்வார். குத்திய காதில் கம்மல் போடாமல் விட்டால் ‘காது தூர்ந்து போச்சு’ என்பார். கிணறு தூர்ந்தது, வாய்க்கால் தூர்ந்தது என்கிறோம். இருந்த வழி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி மூடிக்கொள்வதுதான் தூர்தல். பூச்சில் நடப்பது அச்சு அசலாக அதுவே. முதல் பூச்சில் காது சிறுக்கும், இரண்டாவது நிறத்தில் இன்னும் சிறுக்கும், மேலே பளபளப்புப் பூச்சுப் போட்டதும் தூர்ந்துவிடும்.

தூராமல் இருக்க என்ன செய்வோம்? குத்திய காதில் ஈர்க்குச் செருகி வைப்போம். இதற்கும் அதேதான். முட்காதில் செருகும் குச்சிக்கு ‘ஈர்க்கு’ என்றே பெயர் வைத்துவிடலாம். பல்குத்தும் குச்சியோ, விளக்குமாற்றுக் குச்சியோ, மெல்லிய கம்பியோ, எதுவானாலும் செய்யும் வேலையால் அது ஈர்க்கு.

செய்முறைத்தாளில் இந்தச் சொற்களை எப்படிப் பயன்படுத்தப் போகிறேன் என்று காட்டினால் சரிபார்க்க வசதியாக இருக்கும். தூள் பூச்சுக்கான (வண்ணத்தூளைச் சூடான ஈயத்தில் உருகி ஒட்டவைப்பது) பகுதி இது:

‘ஜிக் முள்ளில் காது தண்டோடு நேராக நிற்காமல், மடங்கி ஈயத்தலையின் மேல் முளைத்து நிற்கும். ஈயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் பூச்சு எளிதாக அதில் ஏறுகிறது. தலையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து சூடு காட்டுங்கள். காதின் மேல் தீ படவேண்டாம். காது மெல்லிய கம்பி, சீக்கிரம் சூடேறும், சூடேறிய இடத்தில் தூள் அதிகமாக ஒட்டும். முடிந்தால் காதையே இடுக்கியால் முழுதாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்த இடத்தில் தூள் போகாது. தூளில் சட்டென்று முக்கி எடுங்கள். ஈயத்தின் சூட்டில் தூள் உருகிப் பளபளக்கும். அந்த நேரத்தில் காதைப் பாருங்கள். மெல்லிய தோல் போல மூடியிருந்தால் ஈர்க்கை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி உருவிவிடுங்கள். ஈர்க்கை உள்ளேயே விட்டுச் சுடவேண்டாம். பூச்சு அதையும் பிடித்துக்கொள்ளும், பிடுங்கும்போது தலைப்பூச்சும் சில்லாகப் பெயரும். அப்புறம் ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் சுட்டெடுங்கள்.’

தொங்கவிட்டுச் சுடும்போது காது கீழ்நோக்கி இருந்தால், தூள் கனமாக ஏறியிருந்தால், உருகியது வழிந்து அங்கேயே சொட்டாக நிற்கும். சுடுவதற்கு முன் திறந்திருந்த காது சுட்டபின் தூர்ந்து கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். மருந்து, தூளை மெல்லியதாக ஏற்றுவதே. நகப்பூச்சு, வினைல் பூச்சுக்கு இவ்வளவு பாடு கிடையாது. காய்வதற்குள் ஈர்க்கால் ஒரு குத்து, அவ்வளவுதான்.

சுடுவதற்குச் சமையல் அவன் கூடாது, தனியாக ஒரு பழைய டோஸ்டர் அவன் வேண்டும் என்பதைத் தாளில் கொட்டை எழுத்தில் போடுகிறேன். ஈயம் வார்ப்பது பெரியவர்கள் வேலை. அது 327 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும். பிள்ளைகளுக்கு வார்த்து ஆறிய தலைகளைத்தான் கொடுப்போம், தொட்டபின் கை கழுவச் சொல்லி.

> தூர்ந்தபின் திறக்கும் கருவிக்கு என்ன சொல்?

குத்தூசி. நடைமுறையில் பழைய முள்ளின் கூர்முனையையே பலரும் குத்தூசியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் தாளில் இதைக் கடைசி வழியாகத்தான் எழுதுவேன். இறுகிய பூச்சைக் குத்தினால் ஓரம் கூராக உடைந்து நிற்கும், அது நரம்பை அரிக்கும். அழுத்திச் சுரண்டினால் கம்பியின் முலாமும் போய், உப்புத்தண்ணீரில் காது முதலில் துருப்பிடிக்கும். முள் கூராகவும் பூச்சு அழகாகவும் இருந்து, நல்ல மீன் இழுக்கும்போது காதருகே நரம்பு அறுந்தால் அந்த வருத்தத்தைச் சொல்லி மாளாது. ஷாட்டுக்குப் பல் கத்தி மாதிரி, அதற்குக் கம்பி வைத்துத்தான் கட்டுவோம். கோப் (kob) என்னும் கடல்மீனுக்கு நரம்பை நேராகவே கட்டுபவர்கள் பலர். அவர்களுக்குக் காதின் உள்ளோரம் வழுவழுப்பாக இருந்தே ஆகவேண்டும்.

கடைசியாக, ‘ஜிக்’ என்பதற்கே சொல் கேட்டவருக்கு. ‘ஈயத்தலைத் தூண்டில்’ என்று வந்த பரிந்துரை வடிவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. கோலை மேலே சுண்டி, விழவிட்டு, மறுபடி சுண்டுவதுதான் இதன் வேலை. மீன் பெரும்பாலும் அது விழும்போதுதான் கவ்வும். அதனால் ‘சுண்டுமுள்’ என்பேன். முள்ளும் ஈயமும் சேர்ந்த முழுப்பொருள் சுண்டுமுள், அதன் ஈயப்பகுதி ஈயத்தலை, நரம்பு கட்டும் இடம் முட்காது. இந்த மூன்றில் ‘சுண்டுமுள்’ளை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்வேன். ‘காது’ விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அடியிலிருந்து காற்றை ஊதித் தூளைத் தண்ணீர் மாதிரி பொங்கவைக்கும் கோப்பை ஒன்று உண்டு. அதில் முக்கினால் தூள் மெல்லியதாக, சீராக ஏறும். இப்போதைக்குப் ‘பொங்குதூள் கோப்பை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மொரீஷியஸ் நண்பர்களோ வேறு யாருமோ இதைவிடப் பொருத்தமாக வைத்திருந்தால் இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள். தாள் அச்சுக்குப் போகவேண்டும்.

அன்புடன்,
டர்பனிலிருந்து