பெரிய வீடு குரூப் 🏠

கார்த்தி (வேல்ஸ்): [போட்டோ] சுவான்சி பக்கம் பென்கிளாவ்த்ல எடுத்தது, கடல் தண்ணி வத்துன நேரம். கறுப்பும் வெள்ளையுமா நிக்கிறது எல்லாம் ஆய்ஸ்டர் கேட்சர்ங்கற பறவை

செல்வி அத்தை: ஏலே மூக்கு என்ன கேரட்ட சொருவுன மாதிரி இருக்கு 😂

முருகேசன் சித்தப்பா: இவ்ளோ கூட்டம் நின்னா மட்டிச் சிப்பி எங்க மிஞ்சும். மட்டி அள்ளுறவன் சும்மாவா விடுதான்?

கார்த்தி: விடலையே சித்தப்பா. இதுகளாலதான் மட்டி கொறையுதுன்னு 1973-74ல பத்தாயிரம் பக்கம் சுட்டுத் தள்ளுனாங்க, கவர்மென்ட் பெர்மிஷனோட. அப்பறமும் மட்டி ஏறல

திவ்யா: பத்தாயிரமா 😳

சித்தப்பா: திங்காமயா இருக்கும்?

கார்த்தி: நல்லாவே திங்கும், அதுவும் பொடிச விட்டுட்டு வளந்ததா பாத்து எடுக்கும், விக்கிற சைஸ்தான் அதுக்கும் வேணும் அதான் சண்டையே. ஆனா 2000க்கு அப்பறம் அங்க மட்டி கொத்து கொத்தா செத்துச்சு, அதுவும் கோடைல, அந்த நேரம் பறவை முக்காவாசி முட்டை வைக்க ஸ்காட்லாந்து நார்வேன்னு போயிருக்கும், இப்ப யார சுடுறது?

திவ்யா: அண்ணா மட்டி ஓட்ட அது எப்டி தெறக்கும், நமக்கே கத்தி வேணுமே

கார்த்தி: சிலது ஒரே எடத்துல டொக்கு டொக்குன்னு தட்டி உடைக்கும். சிலது வாய் லேசா தொறந்திருக்கறப்ப சடக்குன்னு அலக விட்டு உள்ள மூடுற தசைய அறுத்துரும். தட்டுறதுக்கு அலகு நுனி மழுங்கி இருக்கும், தேய தேய வளரும், சாப்பாடு மாறுனா கொஞ்ச நாள்ல நுனியும் மாறிரும்

சித்தப்பா: ம்ம். எல்லா ஊர்லயும் இந்த சண்டைதானா

கார்த்தி: நெதர்லாந்துல தலைகீழ். வாடன் கடல்ல 1990 வாக்குல மெஷின் போட்டு சிப்பிய வழிச்சு எடுத்துட்டாங்க, குளிர்காலத்துல பறவைங்கதான் பட்டினில செத்துச்சு. 2005ல மெஷின் வச்சு மட்டி வார்றதயே நிறுத்திட்டாங்க. பென்கிளாவ்த்ல இன்னும் கையாலதான், லைசென்ஸ் இருக்கவங்க வாரியால கிளறி சல்லடைல சலிச்சு பொடிச அங்கயே விட்டுருவாங்க

அத்தை: நீ வாங்கி ஆக்குனியா இல்லியா அத சொல்லு

கார்த்தி: மார்க்கெட்ல வேக வச்சதே கெடைக்கும் அத்தை, வினிகர் மிளகு போட்டு

அத்தை: வினிகரா 🤢 பச்சையா வாங்குலே, உப்புத்தண்ணில போட்டு மண்ண கக்க விட்டு தேங்கா அரைச்சு ஊத்து

திவ்யா: அண்ணா அது தட்டுற வீடியோ போடு

கார்த்தி: கிட்ட போக முடியாதுமா, பாதில விட்டுட்டு பறந்துரும். தண்ணி ஏறுறதுக்குள்ள வயிறு ரொம்பணும் அதுக்கு, நாய அவுத்து விட்டு வெரட்டுறவங்கள பாத்தாதான் எனக்கு பத்திக்கிட்டு வருது