பல் மருத்துவம் படிக்கிற தங்கச்சிக்குக் கழுத்து வலி, வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணாமார், அக்காமார். தங்கச்சி பேராதனையில பல் மருத்துவம் படிக்கிறா. கிளினிக்ல நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினதுல இருந்து கழுத்தும் வலது தோளும் பிடிச்சுக்குது. ஸ்கேலிங் (பல்லுல படிஞ்ச காரையைச் சுரண்டி எடுக்கிறது) செஞ்ச நாள்ல பெருவிரல் அடியிலயும் வலி. ஹட்டனுக்கு வந்தா அம்மா சித்தாலேப பாம் தேய்ச்சு விடுவாங்க, அது அன்னைக்கு ராத்திரிக்கு மட்டுந்தான்.

மேல் கடைவாய்ப் பல்லைச் சின்னக் கண்ணாடியில பார்க்காம, குனிஞ்சு எட்டிப் பார்க்கிறதாலதான்னு நினைக்கிறேன். நோயாளியோட வாய் நம்ம முழங்கை மட்டத்துல இருக்கணும், தலைமாட்டுல 12 மணி நிலையில, அதாவது தலைக்கு நேர் பின்னால உட்காரணும்னு அவளுக்கே தெரியும். அவசரத்துல யாருக்கு ஞாபகம் வரும்!

லூப்ஸ் (பல்லைப் பெருசாக் காட்டுற கண்ணாடி) போட்டவங்களுக்குக் கழுத்து வலி குறைஞ்சுச்சா? விலையைப் பார்த்தா பயமா இருக்கு. கண்டி, ஹட்டன் பக்கம் தமிழ்ல பேசுற பிசியோதெரபிஸ்ட் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. விரல் மரத்துப்போறது இதுவரைக்கும் இல்ல.