ஊர்ச் சங்கங்களை எப்படி வகை பிரிக்கிறீர்கள்?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு கலந்துரையாடலுக்காகச் சங்கங்களின் பட்டியல் எடுக்கிறேன். விஷயம் மாரியில் வாவி பெருகுவதும், தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்து மணலை வெட்டுவதும். பிரதேச செயலகம், பிரதேச சபை, கமநல (விவசாய) சேவை நிலையம் என்று மூன்று இடத்தில் வாங்கியதை ஒரே எக்செல்லில் போட்டாயிற்று. 'வகை' என்ற இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், இளைஞர் கழகம், கோயில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம் என்று எழுதிக்கொண்டே போனால் இருபதைத் தாண்டுகிறது. தொழில், சமயம், சமூகம், மற்றவை என்று நாலாகச் சுருக்கினால் பாதிப் பேர் 'மற்றவை'க்குள் போய் விழுகிறார்கள். இது போதாதென்று ஒரே ஆள் மூன்று சங்கத்துக்குத் தலைவர், மூன்றிலும் அதே போன் நம்பர். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

படுவான்கரையான்:
தம்பி, ஒரே நிரலில் அடக்கப் பார்ப்பதுதான் பிழை. பெயரைப் பார்த்து வகை போடாதீங்க. இந்த விஷயத்தில் அந்தச் சங்கத்து ஆட்களுக்கு என்ன வரும், என்ன போகும் என்று கேளுங்க. கமக்காரர் அமைப்பையும் மீனவர் சங்கத்தையும் 'தொழில்' என்று ஒரு பெட்டிக்குள் போட்டால் கூட்டத்தில் அடிபிடிதான். வாவியோரத்துப் பள்ளக்காணியில் வேளாண்மை செய்தவன் தண்ணீர் ஏறினால் உடனே முகத்துவாரத்தை வெட்டு என்பான், மீன் பிடிக்கிறவன் அவசரப்படாதே, இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பான். இரண்டும் நியாயம். அவனுக்குள்ளும் இவனுக்குள்ளும் மேட்டுக்காணிக்காரன் வேறு கதை சொல்வான்.

மற்றது, மரண உதவிச் சங்கத்தை 'மற்றவை'யில் தள்ளாதீங்க. எங்கள் ஊரில் உண்மையாக வீடு வீடாகப் போகிற சங்கம் அது ஒன்றுதான். மாதம் மாதம் சந்தா எடுக்கிறவர் கையில் ஒரு கொப்பி இருக்கும், மட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும். எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் கட்டாருக்குப் போனார், எந்த வீடு பூட்டிக் கிடக்கு எல்லாம் அதில் இருக்கு. கிராம சேவகரிடம் கூட அவ்வளவு புதுசாக இராது.

எழுவான்:
படுவான்கரையான் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் பதிவை விட்டுவிட முடியாது. எங்கே பதிந்தது என்பதற்கு ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். கமக்காரர் அமைப்பு என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், சனசமூக நிலையம் என்றால் பிரதேச சபை, இளைஞர் கழகம் என்றால் இளைஞர் சேவைகள் மன்றம். நாளைக்கு ஒரு வேலையைச் சங்கத்திடம் கொடுத்து வங்கிக் கணக்குக்குக் காசு போடும்போது கணக்காய்வாளர் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான். அதற்குப் பக்கத்திலேயே கடைசிப் பொதுக்கூட்டம் நடந்த திகதியையும் போடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வள்ளம், வலை, வீடு என்று உதவி வந்த நேரம் முளைத்த சங்கங்கள் எத்தனை! சங்கம் எப்போதோ முடிந்துவிட்டது, சீல் மட்டும் செயலாளர் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்கு. கடிதம் அனுப்பினால் அந்த சீலோடு பதிலும் வரும், அதுதான் சிரிப்பு.

நிந்தவூர் வாசி:
அம்பாறைக் கரையோரத்தில் இருந்து ஒன்று. எங்கள் பக்கம் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பு) விஷயம் எதுவானாலும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையைத் தாண்டிப் போக முடியாது, ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு அறிவித்தல் சொன்னால் ஊருக்கே தெரியும். ஆனால் அந்தச் சபையில் பெண்கள் இல்லை. அதனால் நான் ஒரு நிரல் வைத்திருக்கிறேன், 'இவர்களிடம் பேசினால் யாருடைய குரல் வராது' என்று. அது நிரம்பியதும்தான் மாதர் சங்கத்தை வேறாகக் கூப்பிட வேண்டியது, அதுவும் பின்னேரத்தில் அல்ல, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு காலையில், என்று புரிந்தது. ஆண்களை என்றால் அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரத்தில்.

வாவிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அப்போ சங்கத்துக்கு ஒரு வகை என்று வைக்காமல் அடையாளங்களைத் தனித்தனி நிரல்களாகப் போடுகிறேன். மூன்று சங்கத் தலைவரை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே? அவர் வயலும் செய்கிறார், தோணியும் வைத்திருக்கிறார்.

படுவான்கரையான்:
ஆட்களுக்கென்று வேறு தாள் ஒன்று திறந்து, அவரை ஒரு தடவை மட்டும் எழுதி, மூன்று சங்கத்தோடும் இணைத்துவிடுங்க. மூன்று கடிதம் போனால் மூன்று பேர் வருவார்கள் என்று கதிரை போட்டுவிட்டுக் காத்திருப்பீங்க, அவர் ஒருவர்தான் வருவார். கூட்டத்தில் எந்தச் சங்கத்துக்காகப் பேசுகிறார் என்று முதலே கேட்டு எழுதிக்கொள்ளுங்க. வயலும் தோணியும் உள்ளவரைத்தான் நான் முதலில் தனியாகப் போய்ச் சந்திப்பேன், முகத்துவாரத்தை எப்போது வெட்டினால் இரண்டு பக்கமும் தாங்கும் என்று அவர் ஏற்கனவே தனக்குள் கணக்குப் பார்த்திருப்பார்.

பிறகு ஒன்று. மண்டூர்ப் பக்கத்தாரையும் கூப்பிடுவதென்றால் குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) கடைசியாக எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நேரம் வையுங்க. வைகாசியில் அம்மன் சடங்கு நடக்கிற கிழமையைத் தொடவே வேண்டாம்.