வாய்க்கால் மேட்டில் நான் கத்தியது தப்பா?

கரையோரத்தான்:
போன ஞாயிறு சாயங்காலம் பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்திக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் திறந்து இரண்டு வாரம் இருக்கும், நல்ல ஓட்டம். கீழே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஐந்தாறு வயதுப் பையனின் முதுகில் காலி எண்ணெய் கேனைத் துண்டால் கட்டி, படித்துறையிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். கயிறு கிடையாது. பையன் மூச்சு முட்டி எழுந்து அழுகிறான், இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரிக்கிறார். கைக்குழந்தையோடு மனைவி கரையில். மறுபடியும் தூக்கித் தள்ளப் போனார். "யோவ், குழந்தையைக் கொல்லப் பார்க்கிறாயா?" என்று பாலத்து மேலிருந்தே கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எம்பட பையன், எனக்குத் தெரியுமுங்க. உங்க சோலியைப் பாருங்க" என்றார். நான் ஒருமையில் கத்தினேன், பதில் மரியாதையாக வந்தது. அது இன்னும் உறுத்துகிறது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், போலீசுக்கு அனுப்பலாமா என்று யோசனை. வீட்டில் "உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு" என்கிறார்கள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

புருடைக்காரன்:
தப்புதான். எங்கப்பா என்னைத் தோட்டத்துக் கிணற்றில் தள்ளியபோது எனக்கு ஏழு வயது. முதுகில் சுரைப்புருடை, அதாவது மிதப்பதற்குக் கட்டும் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே தாத்தா கையில். நாலாம் நாள் புருடை இல்லாமல் நீந்தினேன். எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இதே கதைதான். அன்றைக்குப் பாலத்து மேலே ஒருவர் நின்று என் அப்பாவைக் கொலைகாரன் என்று சொல்லியிருந்தால் அடிதடியே நடந்திருக்கும். நீச்சல் தெரியாத பிள்ளையைத்தான் நாளைக்கு வாய்க்கால் கொண்டுபோகும். அந்த அப்பனாவது கற்றுக்கொடுக்க இறங்கினார்.

மதகடி:
புருடைக்காரரே, பதிலை உங்கள் கதையிலேயே வைத்துவிட்டீர்கள். கயிறு இருந்தது. கயிற்றைப் பிடிக்க ஆள் இருந்தார். கிணற்றுத் தண்ணீர் நின்ற தண்ணீர்.

நான் கீழ்பவானிப் பாசனக்காரன், மதகடியிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. இந்த வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடுகிறது. முழு அளவு விட்டால் தலைப்பில் நொடிக்கு 2,300 கனஅடி. மேலே சலசலப்பே இருக்காது, காலை வைத்தால்தான் இழுவை தெரியும். கான்கிரீட் போட்ட இடங்களில் பாசி படிந்து சரிவு வழுக்கும், பிடிக்க ஒரு வேர் கிடைக்காது, நீச்சல் தெரிந்த பெரியவர்களே கரையேறத் திணறுவார்கள். அப்புறம் அந்தக் கேன். ஈரத்துண்டின் முடிச்சு நெகிழ்ந்து கேன் இடுப்புக்கு இறங்கினால் இடுப்பு மேலே வரும், தலை கீழே போகும். மிதக்க வைக்கக் கட்டியதே கவிழ்த்துவிடும்.

இன்னொன்று. மூழ்குகிற குழந்தை கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்தும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கணம் மூச்சிழுக்கவே போதாது, கத்துவதெங்கே? சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும். கரையோரத்தான் கத்தியது சரி. பாலத்தை விட்டு இறங்காததுதான் தப்பு.

நூல்கண்டு:
நான் திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் பெரியவனைப் பள்ளிக்கூடத்திலும் சின்னவளை அம்மா வீட்டிலும் விட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குள் நுழைய வேண்டும். ஸ்கூட்டியில் சின்னவள் முன்னால் நிற்பாள். சிக்னலுக்கு ஒருவர் எனக்குப் புத்தி சொல்வார். "ஏம்மா, உனக்கு அறிவில்லையா?" என்றுதான் ஆரம்பமே.

விதி எனக்கும் தெரியும். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரைக்கும் உள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு பெல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும், தலைக்குக் கவசம் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. பெல்ட் வாங்கிவிட்டேன், கவசம் அடுத்த சனிக்கிழமைச் சம்பளத்தில். தினமும் ஆட்டோ வைத்தால் வாரக்கூலியில் என்ன மிஞ்சும் என்று எந்த அண்ணனும் கேட்டதில்லை.

அதே சிக்னலில் பெரிய கார் நிற்கும். கூரைக் கண்ணாடியைத் திறந்து இரண்டு குழந்தைகள் தலையை வெளியே நீட்டி ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடியை ஒருவர் தட்டி நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் ஓட்டும்போதும் யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் கேட்கிறேன், கரையோரத்தாண்ணா, கீழே நின்றவர் காரில் வந்திறங்கியவராக இருந்தால் "யோவ்" வந்திருக்குமா?

கரையோரத்தான்:
வந்திருக்காது. "சார்" என்றிருப்பேன்.

சட்டப்புள்ளி:
உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு இருக்கிறது? 24 மணி நேரமும் கூப்பிடலாம். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையில்லாத துன்பத்துக்கு ஆளாக்கினால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு பாயும். காரில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னால் போதும், நாம் எதற்குச் சண்டை போட வேண்டும்?

புருடைக்காரன்:
1098இல் நீங்கள் விலாசம் சொல்லி முடிப்பதற்குள் பையன் அறச்சலூர் தாண்டியிருப்பானுங்க.

மதகடி சொன்னதில் கயிறு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். கயிறில்லாமல் நானும் என் பையனை இறக்கமாட்டேன். ஆனால் ஒரு முட்டாள்தனத்துக்காக ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பிரிவு தேடுவது என்ன நியாயம்? நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது?

டிக்கெட்டண்ணன்:
முப்பது வருஷம் கண்டக்டர் வேலை, பாதிக் காலம் சத்தியமங்கலம் ரூட்டில். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாத குழந்தை கிடையாது, அதைப் பார்த்துப் பதறுகிற அப்பா அம்மாவும் அத்தனை பேர் கிடையாது. ஆரம்பத்தில் பெற்றவர்களைத்தான் திட்டினேன். டிக்கெட்டுக்குச் சில்லறையை மூஞ்சியில் எறியாத குறையாகக் கொடுப்பார்கள், பிள்ளை கை வெளியேதான் இருக்கும். அப்புறம் பிள்ளையிடமே பேசப் பழகினேன். "சாமி, உம் பேரென்ன? எத்தனாவது படிக்கிறே? கையை உள்ள வெச்சுக்கோ கண்ணு, எதிர் வண்டிக்காரன் வளையலைப் புடுங்கிட்டுப் போயிருவான்." அம்மா தானாகவே இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொள்வார்.

ஆனால் ஒருதரம் ஓடுகிற பஸ்ஸில் மூணு வயதுப் பெண் படிக்கட்டில் இறங்கி நின்றுகொண்டிருந்தது, அப்பா போனில். அங்கே பேரெல்லாம் கேட்கவில்லை. விசில் அடித்து வண்டியை நிறுத்தி, அந்த ஆளை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

சட்டப்புள்ளி:
அப்படியானால் வாய்க்கால் சம்பவம் ஜன்னலா, படிக்கட்டா?

டிக்கெட்டண்ணன்:
படிக்கட்டுதான். சந்தேகமே இல்லை.

மதகடி:
படிக்கட்டு என்றால் கையில் ஏதாவது வேண்டும். வெறும் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையைக் கழற்றி வீசி இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. தண்ணீருக்குள் குதிக்கிறவரும் சேர்ந்து போய்விடுவார், அதனால் துணியை வீசு, கொம்பை நீட்டு. பாலத்தில் நின்றவர் வண்டியில் ஒரு கயிறு வைத்திருந்து, "தம்பி, இதைக் கட்டி விடுங்க, நான் மேலே பிடிச்சுக்கறேன்" என்று கேட்டிருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது.

நூல்கண்டு:
எல்லாரும் அந்த அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். கரையில் நின்ற அந்தப் பொண்ணு என்ன செய்துகொண்டிருந்தது?

கரையோரத்தான்:
"வேண்டாங்க, போதுமுங்க" என்று இரண்டு தடவை சொன்ன மாதிரி ஞாபகம். மெதுவாகத்தான் சொன்னார்.

நூல்கண்டு:
அந்தப் பொண்ணு சொன்னது அவருக்கும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கிறது, ஆனால் இத்தனை பதிவுக்கு அப்புறம், நான் கேட்டதற்காகச் சொல்கிறீர்கள். நீங்கள் கத்தாமல், "தங்கச்சி சொல்றதைக் கேளுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட அவர் தயங்கியிருப்பார். இல்லை, வீட்டுக்குப் போய் அந்தப் பொண்ணுக்கு அடி விழுந்திருக்குமோ என்னவோ. அதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

புருடைக்காரன்:
ஒன்று செய்யலாம். எங்கள் தோட்டம் விஜயமங்கலம் பக்கம்தான். கிணற்றில் படி இருக்கிறது, கயிறு இருக்கிறது, போன வருஷத்துப் புருடை இரண்டு பரணில் கிடக்கிறது. சனி, ஞாயிறு நான் வீட்டில்தான் இருப்பேன். அந்தத் தம்பியைப் பையனோடு வரச் சொல்லுங்க, நானே இறங்கிக் கற்றுக்கொடுக்கிறேன். அவர் யாரு, எந்த ஊருங்க?

கரையோரத்தான்:
பேரைக் கேட்கவில்லைங்க. போட்டோவில் வண்டி நம்பர்தான் இருக்கிறது.